அடிக்காத முதலாளி

ராபர்ட் ஓவன் 1771-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயசிலேயே ஓவன் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிட்டார்.

1800-இல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே ஆறேழு வயசுப் பிள்ளைகள்கூட வேலை செய்தார்கள். பத்து வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதை ஓவன் நிறுத்தினார். பத்து மட்டும் பெரிய வயசா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

மனிதன் கெட்டுப்போவது சூழ்நிலையால்தான் என்பது அவர் கொள்கை. அதனால் ஆலையில் அடி கிடையாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் நாலு நிறம் பூசிய சின்ன மரக்கட்டை தொங்கும். வெள்ளை என்றால் மிக நன்று, மஞ்சள் நன்று, நீலம் சுமார், கறுப்பு மோசம். முந்தின நாள் வேலையைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். (மோசத்துக்கு ஏன் கறுப்பை வைத்தாரோ, எனக்குப் பிடிக்கலை.) நிறம் தப்பு என்று நினைத்தால் தொழிலாளி ஓவனிடமே முறையிடலாம்.

ஒருமுறை அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நாலு மாதம் நின்றது. அப்போதும் முழுக் கூலி கொடுத்தார்! ஆலைக்கு லாபம் வந்தும் கூட்டாளிகள் செலவைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். 1813-இல் அவர்களை விட்டுவிட்டு, 5 சதவீத லாபமே போதும் என்ற புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார்.

1816-இல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அங்கே பாட்டு, நடனம் எல்லாம் உண்டு. பிரம்பு மட்டும் கிடையாது. (டீச்சர்கள் கவனிக்க!)

1858-இல் ஓவன் தன் சொந்த ஊரான நியூடவுனில் இறந்தார்.