நூறு அடித்த நெட்டை வீரர்!



செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி இருக்கும் புளியறையிலிருந்து, எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். வகுப்பிலேயே அவர்தான் உயரமாம். கூடைப்பந்து ஆடும்போதெல்லாம் பி.டி. சார் அவரைக் கூடைக்கு அடியில் சென்டராக நிறுத்தி விடுகிறாராம். நண்பர்களோ, இப்போது தூரத்திலிருந்து போட்டாலே மூன்று புள்ளி, நெட்டையர்களுக்கு என்ன வேலை என்று கேலி செய்கிறார்களாம். சென்டருக்கு மதிப்பு உண்டா, இல்லையா? இதுதான் அவர் கேள்வி.

இந்தச் சண்டை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது, குட்டீஸ். அதன் நடுவில் நின்றவர் வில்ட் சேம்பர்லின். அவர் கதையைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு குட்டிச் செய்தி. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக் கொண்டால், புளியறையில் மைதானம் பக்கம் போக முடியுமா? 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குளிரால் இதே தொல்லை. அடைந்து கிடந்த மாணவர்களுக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக் கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டி உருவாக்கியதுதான் கூடைப்பந்து. கூடை 10 அடி உயரத்தில் இருந்தால், நெட்டையருக்குக் கொண்டாட்டம்தானே!

வில்ட், 1936 ஆகஸ்ட் 21ல் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பிடித்தவை ஓட்டமும், உயரம் தாண்டுதலும்தான். வளர்ந்தார், வளர்ந்தார்... 7 அடி 1 அங்குலத்தில் வந்து நின்றார். நம் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது! கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்காக 1957ல் இறுதிப் போட்டி ஆடினார். மூன்று முறை கூடுதல் நேரம் கொடுத்தும், ஒரே புள்ளியில் தோல்வி.

1959ல், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வுக்குள் வந்தார். முதல் ஆண்டிலேயே சிறந்த வீரர் விருது. அடுத்த ஆண்டு நவம்பர் 24ல், பாஸ்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்டு. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்டு.

1961-62 சீசனில் அவரது சராசரி என்ன தெரியுமா? ஆட்டத்துக்கு 50.4 புள்ளி! 1962 மார்ச் 2ம் தேதி, ஹெர்ஷி என்ற ஊரில் ஆட்டம். ஆமாம், சாக்லேட்டுக்குப் பேர் போன அதே ஹெர்ஷிதான். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். ஆட்டத்தின் வீடியோப் பதிவு எதுவும் இல்லை. அன்று நியூயார்க் அணிக்கு எதிராக வில்ட் தனி ஒருவராக 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை.

அந்த நூறில் 28 புள்ளிகள் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. 32 முறை எறிந்து, 28 முறை உள்ளே! அந்த சீசனில் அவர் பந்தை இரு கையாலும் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பலனோ நன்றாக இருந்தது. ஆனால், வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டார். 1967-68ல் நூற்றுக்கு 38தான் உள்ளே விழுந்தது. அவர் வாழ்க்கைக் கணக்கிலேயே எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

சரி, சராசரி 50 எடுத்த ஆண்டில் சிறந்த வீரர் விருது யாருக்கு? வில்ட்டுக்கு இல்லை. பாஸ்டன் அணியின் சென்டர் பில் ரஸ்ஸலுக்கு! அவரது சராசரி 18.9தான். ஓட்டுப் போட்டவர்கள் சக வீரர்கள். கோப்பையும் பாஸ்டனுக்கே போனது.

இங்கேதான் சண்டை சூடு பிடிக்கிறது. இருவரும் 142 முறை மோதினர். அவற்றில் வில்ட்டின் சராசரி 28.7 புள்ளி, 28.7 ரீபவுண்டு. ரஸ்ஸல் எடுத்த புள்ளி அதில் பாதிதான். ஆனால், 85 ஆட்டங்களில் வென்றது ரஸ்ஸலின் அணி! வென்றவர்தானே பெரியவர் என்றது ஒரு கட்சி. பாஸ்டனில் கூட ஆடியவர்கள் எல்லாரும் சூரர்கள், வில்ட் பாவம் என்ன செய்வார் என்றது மறு கட்சி.

1966-67ல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், கூடையில் போடுவதைக் குறைத்து, பந்தைப் பிறருக்குக் கொடுக்கச் சொன்னார். வில்ட் கேட்டார். சராசரி 24.1 ஆக இறங்கியது. அணி 81 ஆட்டங்களில் 68ல் வென்று, பாஸ்டனையும் வீழ்த்தி, கோப்பையைத் தூக்கியது. 1971-72ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் அவரது சராசரி வெறும் 14.8. அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது, மீண்டும் கோப்பை! புள்ளி குறைந்ததால்தான் கோப்பை வந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லி விடாதீர்கள். அந்த இரண்டு அணிகளிலும் கூட ஆடியவர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரி எறியும் பந்தைக் காற்றிலேயே தட்டி விடுவதுதான் சென்டரின் பெரிய வேலை. அந்த பிளாக் கணக்கை என்.பி.ஏ. எழுதத் தொடங்கியது 1973-74ல். ரஸ்ஸல் 1969லும், வில்ட் 1973லும் ஆட்டத்தை முடித்துக் கொண்டார்கள்! இருவரும் எத்தனை பந்துகளைத் தட்டினார்கள் என்ற முழுக் கணக்கு எங்குமே இல்லை.

மைதானத்தில் மோதினாலும், வில்ட் வீட்டில் ரஸ்ஸல் விருந்து சாப்பிட்ட நாட்கள் உண்டு. இடையில் மனஸ்தாபத்தால் பல ஆண்டுகள் பேசாமல் இருந்து, பிறகு சேர்ந்து கொண்டார்கள். 1999 அக்டோபர் 12ல், 63 வயதில் வில்ட் காலமானார்.

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979ல். தூரத்து எறிதல் பெருகியதும், சென்டர்களின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஆனால், செர்பியாவின் நிகோலா யோகிச், சென்டராக ஆடியே 2021, 2022, 2024 ஆண்டுகளில் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2024-25ல் புள்ளி, ரீபவுண்டு, பிறர் கூடை போட வாகாகப் பந்து கொடுக்கும் அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் அவரது சராசரி பத்துக்கு மேல்!

புளியறைத் தம்பி, சாரல் விட்டதும் ஓர் ஆட்டம் போடு. கேலி செய்த நண்பனையே ஓரமாக உட்கார வைத்து, கையில் ஒரு நோட்டைக் கொடு. புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், பிளாக் என்று நாலு கட்டம் போட்டு எழுதச் சொல். நீ நின்ற பாதியில் எவ்வளவு, நிற்காத பாதியில் எவ்வளவு என்று எங்களுக்கு எழுதி அனுப்பு!