புல்லுக்கு லீவு விட்ட தாத்தா!

விளையாட்டு வீரரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "தோனியா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இல்லை! நான் எழுதுவது வெள்ளைத் தாடி வைத்த ஒரு ஸ்காட்லாந்து தாத்தாவைப் பற்றி. பெயர் டாம் மோரிஸ். கோல்ஃப் வீரர், அதோடு புல் வளர்ப்பவர். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வேலைதான்.

1821 ஜூன் 16-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் கோல்ஃப் பந்து என்றால் தோல் பைக்குள் இறகை அடைத்துத் தைப்பது. 1848 வாக்கில் மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்துவிட்டது. டாம் அதை வைத்து ஆடியதில் முதலாளிக்குக் கோபம். பிழைப்பில் மண் விழுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? 1851-ல் டாம் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குப் போய், அங்கே 12 குழிகள் கொண்ட மைதானத்தை உருவாக்கினார்.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்வார்கள். தள்ளுவண்டியில் கொண்டு போன மணல் புல்தரையில் கொட்டிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், மணல் விழுந்த இடத்தில் மட்டும் புல் சும்மா கம்பளம் மாதிரி! அன்றிலிருந்து டாம் மணலை விடவே இல்லை.

1860-ல் முதல் ஓப்பன் போட்டி பிரெஸ்ட்விக்கில் நடந்தது. ஆடியவர்கள் மொத்தமே 8 பேர். டாமுக்கு இரண்டாம் இடம். பிறகு 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை ஜெயித்தார். கடைசியாக ஜெயித்தபோது வயது 46. இன்றுவரை அந்தப் போட்டியை அதைவிட அதிக வயதில் யாரும் ஜெயித்ததில்லை.

இதற்கு நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆண்டுச் சம்பளம் 50 பவுன், மைதானச் செலவுக்கு 20 பவுன். கையில் கொடுத்தது ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. அவ்வளவுதான்!

அங்கே குளிர்காலம் என்றால் சும்மா இல்லை. குளிர் அதிகமானால் புல் வளர்வதை நிறுத்திவிடும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து கிடக்கும்போது மேலே நடந்தால் இலையின் செல்கள் உடைந்துவிடும். வெயில் வந்ததும் பார்த்தால் நடந்த கால் தடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். நனைந்த மண்ணை மிதித்தாலோ அது இறுகி, வேருக்குக் காற்றே போகாது. (மழைக்காலத்தில் நம்ம கோல் போஸ்ட் பக்கம் தரை எப்படி ஆகிறது என்று பாருங்கள், புரியும்.) இத்தனைக்கும் மே மாதம் ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கிளப்பின் வசந்தகாலப் போட்டி வந்துவிடும். அதற்குள் தரை தயாராக வேண்டும். முள்கரண்டியால் குத்திக் காற்று விட வேண்டும், மண்புழு தள்ளிய மண்ணைத் தட்டிவிட வேண்டும், உறைபனி தூக்கிவிட்ட இடத்தை லேசாக உருளை போட்டு அமுக்க வேண்டும், முதல் வெட்டை ஒட்ட வெட்டாமல் உயரமாக வெட்ட வேண்டும். மேலே மணலைத் தூவினால் பள்ளம் நிரம்பும், தண்ணீர் வடியும், புல் புதுத் தூர் விடும். டாம் உதவியாளரிடம் ஓயாமல் மணல், இன்னும் மணல் என்றே கேட்டுக்கொண்டிருப்பாராம்.

பெரிய பணக்காரர்கள் வந்து கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட விடமாட்டார். உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. சம்பளம் கொடுப்பவர்களே அந்தப் பணக்காரர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அவர் மகன் பெயரும் டாம். அப்பாவையே மிஞ்சிய பிள்ளை. 17 வயதில், 1868-ல் ஓப்பனை ஜெயித்து, 1869, 1870, 1872-லும் ஜெயித்தார் (1871-ல் போட்டி நடக்கவில்லை). 1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் நார்த் பெரிக் ஊரில் ஆடியபோது தந்தி வந்தது. மகனின் மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்து. படகில் கடலைக் கடந்து போவதற்குள் தாயும் சேயும் போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில், பனி மூடிய தரையில் மகன் ஒரு நீண்ட போட்டி ஆடினார். கிறிஸ்துமஸ் அன்று அவரும் இறந்துவிட்டார். வயது 24.

இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிள்ளையைப் புதைத்த மூன்று நான்கு மாதத்தில் வசந்தம் வந்துவிட்டது. மைதானம் திறக்க வேண்டும். டாம் மோரிஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மணல் போடத்தான் போயிருப்பார். அந்த வருஷமே மனைவியும் போய்விட்டார். பிறகு மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவருக்கு முன்பே இறந்தார்கள். ஆனாலும் 1903 வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

1908 மே 24-ல், 86 வயதில், ஒரு கிளப்பில் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார். அவர் அமைத்த 18-வது புல்தரை இன்னும் இருக்கிறது. அந்தக் குழிக்கு அவர் பெயர்தான். இப்போதும் பெரிய போட்டிகள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் காலாற நடக்கிறார்கள்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு