திருத்தணி முதல் திருவாரூர் வரை: முத்துசுவாமி தீட்சிதர் வாழ்வில் எழுத்தும் கோளும்

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் இசை வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர் ஸ்ரீவித்யா உபாசகர் என்பது அடைமொழி அளவில் நின்றுவிடுகின்றது. அவர்தம் உருப்படிகள் தொகுதி தொகுதியாக அமைந்தமைக்கான காரணம் அவ்வுபாசனை நெறியிலேயே உள்ளது.

திருவாரூரில் இராமசாமி தீட்சிதரின் மகனாகப் பிறந்த அவர், இளமையில் குடும்பத்துடன் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குப் பெயர்ந்தார். அங்கு வந்த சிதம்பரநாத யோகி அவரைக் காசிக்கு அழைத்துச் சென்று, சில ஆண்டுகள் உடன் வைத்திருந்து ஸ்ரீவித்யா மந்திர உபதேசம் அளித்தார். இந்நெறியில் எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் அடையாளம் மட்டுமன்று. பதினைந்து எழுத்துகளாலாகிய மந்திரம் தேவியின் வடிவமாகவும், ஒன்பது ஆவரணங்களைக் கொண்ட ஸ்ரீசக்கரம் அவள் உறைவிடமாகவும் கொள்ளப்படும். எண்ணும் வரிசையும் வழிபாட்டின் உறுப்புகளாகின்றன.

யோகியின் மறைவுக்குப் பின் தெற்கே மீண்ட தீட்சிதர், அரக்கோணத்தை அடுத்த திருத்தணி மலையில் முருகனை வழிபட்டுத் தங்கினார். முதியவர் ஒருவர் அவர் நாவில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்பதும், உடனே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்னும் உருப்படி பிறந்தது என்பதும் மரபுச் செய்தி. அற்புதத்தை ஏற்பினும் மறுப்பினும், அங்கிருந்து தொடங்கும் தொகுதியின் அமைப்பு ஆராயத்தக்கது. முதற்பாடல் மாயாமாளவகௌளையில், எழுவாய் வேற்றுமையில் அமைந்தது. தொடர்வன ஏனைய வேற்றுமைகளில் அமைந்து, விளியொடு எட்டாகின்றன. இவ்வெண் தொல்காப்பியம் பயின்றோர்க்குப் புதிதன்று. ஆனால் இங்கு இலக்கண வரிசையே சாதனை வரிசையாகின்றது. குரு வெல்பவராகவும், வணங்கப்படுபவராகவும், காப்பதற்குக் கருவியாகவும், வணக்கத்தைக் கொள்பவராகவும் நிற்கின்றார். ஆறாம் வேற்றுமையில் அடியவன் அவருடைய உடைமையாகின்றான். ஒருவன் குருவோடு கொள்ளத்தக்க உறவுகள் அனைத்தையும் உருபுகளே தீர்மானிக்கின்றன. ‘குருகுஹ’ என்னும் முத்திரையும், ஆசிரியரையும் முருகனையும் ஒரு சொல்லில் இணைப்பதாய், இத்தலத்திலேயே நிலைபெற்றது.

பின்னர்த் திருவாரூரில் கமலாம்பிகை மீது பாடிய நவாவரணத் தொகுதி ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளையும் பின்பற்றுவது. அது பரவலாக ஆராயப்பட்டுள்ளது. கோள்களைப் பற்றிய பாடல்கள் அத்துணை கவனம் பெறவில்லை.

சுத்த மத்தளம் வாசித்த சீடர் தம்பியப்பன் வயிற்றுநோயால் வருந்தியபோது, தீட்சிதர் அவர் சாதகத்தை நோக்கி வியாழனின் தோசம் எனக் கண்டு, அடாணாவில் ‘ப்ருஹஸ்பதே’ பாடிக் கற்பித்தார் என்பர். ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு பாடல்களும் துருவம், மட்டியம் முதலாகிய சூளாதி ஏழு தாளங்களில் முறையே அமைந்தவை. வெள்ளிக்குரிய பாடல் ஓரை, திரேக்காணம், நவாம்சம் எனச் சோதிடக் கலைச்சொற்களை அடுக்குகின்றது. நூற்பயிற்சி இல்லாதவரால் அதை எழுதியிருக்க இயலாது.

எனினும் இவற்றைக் குறிகேட்டலோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. பண்டைச் செருமானியர் கனிமரக் கிளையைத் துண்டாக்கிக் குறியிட்டு, வெண்துணியில் இறைத்து, மூன்றை எடுத்துப் பலன் கண்டதை உரோமானியரான டாசிடஸ் பதிவு செய்துள்ளார். அக்குறிகள் வடபுலத்து ரூன் எழுத்துகளே என்பது உறுதிப்படாவிடினும், இன்று அவ்வெழுத்துகளைக் கொண்டு பலன் காண்போர் இதனையே சான்றாகக் கொள்வர். நம் கோயில்களில் பூக்கட்டிப் பார்த்தலும் இவ்வகையினதே. அங்கெல்லாம் வீழ்ந்த குறியே விடை. தீட்சிதரிடத்தில் சாதகம் வினாவை மட்டும் தருகின்றது. விடை பல நாள் பாடிப் பயில வேண்டிய வழிபாடு. வருவதை உரைக்க அவர் பாடவில்லை. நோயுற்ற சீடனுக்குச் செய்யத்தக்கது ஒன்றை அளித்தார்.

இறுதிக் காலத்தில் தம்பி பாலுசாமி தீட்சிதர் அவைக்கள இசைப்புலவராக இருந்த எட்டையபுரத்தை அடைந்த அவர், 1835 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடக் கேட்டு மறைந்தார். பாலுசாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் அவ்வூரிலேயே 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கோள்களுக்குரியவை ஏழே உள்ளன. இராகு, கேதுவுக்கு இன்று பாடப்படுவன அதில் இல்லை. ஏழு நாள், ஏழு தாளம் என்னும் கட்டுக்கோப்பினுள் அவ்விரண்டிற்கும் இடமும் இல்லை.