பலபடிகளின் சிற்பி காரதர்ஸ்

மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது இயற்கை இரப்பர். அத்தகைய பொருளை ஆய்வகத்தில் ஆக்க இயலுமா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலாரை ஆட்கொண்டிருந்தது. அதற்கு விடை தந்தோருள் குறிப்பிடத்தக்கவர் வாலஸ் ஹியூம் காரதர்ஸ்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், 1896 ஏப்ரல் 27 அன்று அவர் பிறந்தார். டார்கியோ கல்லூரியில் பயிலும்போதே வேதியியல் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றார். 1924இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டில் ஆசிரியப் பணியாற்றிய அவர், 1928இல் டுபாண்ட் நிறுவனத்தில் அடிப்படை ஆய்வுக்குழுவின் தலைவரானார்.

இரப்பரும் பட்டும் சிறு மூலக்கூறுகளின் திரள்களே என்று அக்காலத்தில் பலர் கருதினர். அவை வேதிப்பிணைப்புகளால் இணைந்த நெடுஞ்சங்கிலிகள் என்றார் செருமானிய அறிஞர் ஸ்டாடிங்கர். அக்கருத்தை வாதத்தால் அன்றிச் செய்முறையால் நிறுவக் காரதர்ஸ் முனைந்தார். நன்கறிந்த வினைகளைக் கொண்டே சிறு மூலக்கூறுகளைக் கோத்து நீண்ட சங்கிலிகளை உருவாக்கினார்.

1930 ஏப்ரலில் அவருடைய குழுவினரான ஆர்னால்டு காலின்ஸ், குளோரோபிரீன் என்னும் நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். அது தானே பலபடியாகி, இரப்பர் போன்ற திண்மமாயிற்று. இயற்கை இரப்பரின் அலகாகிய ஐசோபிரீனில் மெத்தில் தொகுதி உள்ள இடத்தில், குளோரோபிரீனில் குளோரின் அமைந்துள்ளது. இப்பலபடியே எண்ணெயாலும் வெப்பத்தாலும் எளிதில் கெடாத நியோபிரீன். இது ஒரே வகை ஒற்றைப்படியால் ஆனது. பியூட்டாடையீனும் ஸ்டைரீனும் இணைந்த பியூனா-எஸ் இரப்பரோ, இருவகை ஒற்றைப்படிகளால் ஆன சகபலபடி ஆகும்.

1935 பிப்ரவரி 28 அன்று, அடிப்பிக் அமிலமும் ஹெக்சாமெத்திலீன் டையமீனும் மாறிமாறி இணைந்த நைலான் 6,6 உருவாயிற்று. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியது. இரு ஒற்றைப்படிகளிலும் ஆறு கார்பன்கள் இருப்பதையே பெயரிலுள்ள எண்கள் குறிக்கின்றன.

1936இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. ஆயினும், இளமை முதல் வாட்டிய மனச்சோர்வு அவரை விடவில்லை. தம் பணிகளைத் தோல்வியென்றே கருதி வருந்திய அவர், 1937 ஏப்ரல் 29 அன்று, 41ஆம் அகவையில் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அவருடைய மகள் பிறந்தது அதன்பின்னரே. நைலான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1938இல்.

காலுறை முதல் வான்குடை வரை நைலான் பரவியதை அவர் காணவில்லை. எனினும், பெருமூலக்கூறுகளைத் திட்டமிட்டு ஆக்கலாம் என அவர் காட்டிய நெறியே இன்றைய பலபடி அறிவியலின் அடித்தளமாய்த் திகழ்கிறது.