டூகோ தந்த கெட்டரிங்

புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். மறுநாளே காய்ந்த துணியை எடுத்துத் தூசி தட்டுகிறோம். பெயிண்டுக்கு முதல் எதிரி அந்தத் துணிதான். தூசியில் இருக்கிற மணல் கீறிவிடும். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி என்று பெயிண்ட் ஷாப் அண்ணன்கள் படித்துப் படித்துச் சொல்வார்கள். அவர்கள் வாயில் தினமும் வரும் டூகோ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் சார்லஸ் கெட்டரிங்.

1876 ஆகஸ்ட் 29ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து லவுடன்வில் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயது முதலே கண்பார்வை மோசம். கண்வலியால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, டெலிபோன் லைன் போடும் ஆட்களோடு வேலைக்குப் போனார். ஆனாலும் விடவில்லை. திரும்ப வந்து 1904ல் மின் பொறியியல் பட்டம் வாங்கினார். அப்போது வயது 27. அரியர் வைத்த நண்பர்கள் கவனிக்கவும்!

கைப்பிடி போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தில், 1912 மாடல் காடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தவர் இவரே. 1920ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார்.

அங்கே இவரை உறுத்தியது பெயிண்ட். அன்று வார்னிஷ் கலந்த பெயிண்டைப் பிரஷ்ஷால் பல கோட் அடித்து, ஒவ்வொன்றையும் காயவைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஷெட் முழுக்க கார்கள் சும்மா நிற்கும். அப்படியும் வெயில் பட்டால் மங்கி, வெடித்துவிடும். ஃபோர்டு 1914 முதல் 1925 வரை கறுப்புக் கார் மட்டுமே விற்றது ஞாபகம் வருகிறதா?

வெடிமருந்து செய்த டூபாண்ட் கம்பெனியோடு சேர்ந்து உழைத்தார். வெடிமருந்துக்கு உதவும் அதே நைட்ரோசெல்லுலோஸிலிருந்து, கெட்டியாக இருந்தும் ஸ்பிரே கன்னில் அடிக்கக்கூடிய லாக்கர் வந்தது. அதுதான் டூகோ. 1923ல் ஓக்லாண்ட் கார் நீல நிறத்தில் இதைப் பூசிக்கொண்டு வந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. முடியவே முடியாது என்று வாதாடிய பெயிண்டர் ஒருவரைச் சாப்பிட அழைத்துப்போய், திரும்பி வருவதற்குள் அவர் காரையே வேறு நிறமாக்கி நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ!

டூகோவிலும் குறை இருந்தது. அடித்தவுடன் பளபளக்காது. காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கணும். வெயிலில் வெளுக்காமல் இருக்க மெழுகு பாலிஷும் தேவை. பிற்காலக் கார்களில் கலருக்கு மேல் கிளியர் கோட் வந்துவிட்டது. அதன் கனம் தலைமுடியை விடக் குறைவு. பறவை எச்சத்தை உடனே கழுவாவிட்டால் அதையும் அரித்துவிடும்.

இவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலப்பதும் 1921ல் இவர் கூடத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1924லேயே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் இறந்தார்கள். அப்படியும் அவர் அதை விடவில்லை. நம் நாட்டில் ஈயம் ஒழிய 2000ம் ஆண்டு ஆயிற்று. செல்ஃப் ஸ்டார்ட்டருக்குக் கைதட்டும்போது இதையும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

1958 நவம்பர் 25ல் காலமானார். கார் கம்பெனிகள் அந்த லாக்கரை எப்போதோ விட்டுவிட்டன. நம்ம ஊர் பீரோ பட்டறையில் மட்டும் எந்தப் பெயிண்டை ஸ்பிரே அடித்தாலும் பெயர் டூகோதான்.