கணித மேதையும் காலேஜ் ஃபீஸும்

இராமானுஜன்னு சொன்னதும் எல்லாரும் 1729 கதையைத்தான் சொல்வீங்க. அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் எழுதப்போறது அவரோட காலேஜ் ஃபீஸ் கதை.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், மாதம் 20 ரூபாய் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அதுவும் பத்தாமல் வெளியூர் காலேஜ் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த அண்ணன்கள் கொடுத்த கணக்குப் புத்தகங்களைத்தான் இவர் படித்தார். பேப்பர் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழிப்பாராம். விடை மட்டும்தான் நோட்டுக்குப் போகும்.

1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் வினை. கணக்கைத் தவிர வேற எதையும் தொடலை. இங்கிலீஷில் ஃபெயில். ஸ்காலர்ஷிப் போச்சு. ஒரு டெர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். நீங்களே கணக்குப் போடுங்க, அப்பாவோட ஒன்றரை மாதச் சம்பளத்தைவிட அதிகம்! இப்போ மாதிரி பேங்கில் கல்விக் கடன் கேட்க வழி இல்லை. அம்மா நேராகப் போய் பிரின்சிபாலிடம் கேட்டுப் பார்த்தார். விதியை மாற்ற முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். (ஃபெயில் ஆனதைவிட ஃபீஸ் கவலைதான் பெரிசா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.) திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பாஸாகலை. டிகிரி இல்லை, வேலை இல்லை, நோட்டு மட்டும் நிறைஞ்சுகிட்டே போச்சு.

நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். இன்னொருத்தர் கையை எத்தனை நாள் எதிர்பார்ப்பதுன்னு, 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார்.

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஸ்காலர்ஷிப் தந்தது. அது எம்.ஏ. படித்தவர்களுக்கு உரியது. இவரிடம் பி.ஏ.கூட இல்லை! ஆனாலும் இந்தத் தடவை விதி வளைஞ்சு கொடுத்தது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் மட்டும் தரணும். 1914-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனபோதும் வருஷம் 250 பவுன் கொடுத்தது சென்னைதான். அங்கே டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு.

1919 ஜனவரி. லண்டன் பக்கத்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் நோயோடு கிடந்தார். ஊர் திரும்பினதும் வருஷம் 250 பவுன் வீதம் 5 வருஷம் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அதுக்கு நன்றி சொல்லி எழுதின பதிலில், எனக்கு இது தேவைக்கு அதிகம், பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுங்க, என் செலவு போக மீதியில் ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளோட ஸ்கூல் ஃபீஸைக் குறைக்கணும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கணும்னு கேட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் ஊர் வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்துபோனார். வயசு 32. அந்த 5 வருஷத்தில் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.