சேரன்மாதேவிப் பந்தி

பாபநாசம் மலையடிவாரத்திலே தாமிரபரணி பாறையை உடைத்துக்கொண்டு விழுகிறதே, அந்த இடத்துக்குக் கல்யாண தீர்த்தம் என்று பெயர். விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு அந்த அருவியின் இரைச்சல் நன்கு தெரியும். 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அந்தச் சுழலில் சிக்கிய தம் மகள் சுபத்திராவை மீட்கப் பாய்ந்த தந்தை ஒருவரையும் நீர் கொண்டுபோயிற்று. மகளும் மீளவில்லை, தந்தையும் மீளவில்லை. அவர் வ. வே. சு. அய்யர்.

வீரர், அறிஞர், தியாகி. இதை மறுப்பவர் எவருமில்லை, நாமும் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாழ்விலே ஒரு பாடம் உண்டு. கல்லூரிகளிலே மாணவர் தலைவர்களாக உலவும் நம் பிள்ளைகள் அதைப் படித்தாக வேண்டும்.

1881-இல் திருச்சி வரகனேரியிலே பிறந்தார் அய்யர். சட்டம் படித்தார், திருச்சியிலும் பிறகு ரங்கூனிலும் வழக்குத் தொழில் செய்தார். 1907-இல் பாரிஸ்டர் பட்டத்துக்காக லண்டன் சென்று லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் சேர்ந்தார்.

அன்றைய லண்டன், இந்திய மாணவனை இன்முகத்தோடு வரவேற்ற ஊர் அல்ல. கையில் காசிருந்தாலும், தோலின் நிறத்தைக் கண்டு கதவடைத்த வீடுகள் பல. புதிய நாடு, புரியாத பழக்கம், ஒவ்வாத உணவு. எங்கே தங்குவது? யாரோடு உண்பது? இந்தக் கேள்விகளுக்கு விடையாக 1905-இல் ஹைகேட் பகுதியிலே ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஒரு விடுதியைத் தொடங்கினார். அதுவே இந்தியா ஹவுஸ். ஏறத்தாழ 25 மாணவர் தங்க இடமுள்ள வீடு. படிக்க வருவோருக்கு உதவித்தொகையும் ஏற்படுத்தினார் அவர்.

அந்த வீட்டிலே அய்யர் புகுந்தார். மராட்டியரான சாவர்க்கர் அங்கே இருந்தார். தமிழர்களான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் எம். பி. டி. ஆச்சாரியாவும் இருந்தனர். பஞ்சாபியரும் வங்காளியரும் வந்து போயினர். மொழி வேறு, மதம் வேறு, மாகாணம் வேறு. கூரை மட்டும் ஒன்று. நிறத்தைக் காட்டி வெள்ளையன் ஒதுக்கியபோது, ஒதுக்கப்பட்டவர்கள் தம்முள் ஒருவரை ஒருவர் ஒதுக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னணியிலே நின்றார் அய்யர்.

1910-இல் சாவர்க்கர் கைதானார். பட்டம் கைக்கு எட்டிய நேரத்திலே அரச விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த அய்யர், ஒற்றர் கண்ணிலே மண்ணைத் தூவிவிட்டு மாறுவேடத்தில் தப்பி, அதே ஆண்டு பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரோடு பழகினார். திருக்குறளை ஆங்கிலத்திலே ஆக்கினார். தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி ஆனார். 1920-இல் தமிழகம் திரும்பித் தேசபக்தன் ஏட்டின் ஆசிரியரானார்; சிறையும் சென்றார். அங்கிருந்தபோது கம்பன் காவியத்தை ஆராய்ந்து எழுதினார்.

வெளியே வந்தவர் சேரன்மாதேவியிலே, தாமிரபரணிக் கரையிலே, தமிழ்க் குருகுலம் ஒன்றை 1922 இறுதியிலே நிறுவினார். தமிழிலே கல்வி, உடலுக்குப் பயிற்சி, கைக்குத் தொழில். நல்ல நோக்கம். காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. பல சாதியாரும் பணம் தந்தனர். பல சாதிப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர்.

ஆனால் பந்தி ஒன்றாக இல்லை! இரு பிராமணச் சிறுவருக்கு மட்டும், பெற்றோர் விரும்பினர் என்பதற்காகத் தனியே சோறு. தண்ணீர்ப் பானையிலும் வேற்றுமை என்ற புகாரும் எழுந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்த மாணவர்; உள்ளே நடப்பது அந்தப் பிள்ளையின் வாய்வழியே வெளியே வந்தது. நாடு கொதித்தது. வரதராசுலு நாயுடு எழுதினார், பேசினார். பெரியார் பணத்துக்குக் கணக்கும் கேட்டார், கொள்கைக்குக் கணக்கும் கேட்டார். காந்தியார் தலையிட்டார். இப்போதுள்ள இருவர் அப்படியே இருக்கட்டும், இனி வருவோர் ஒன்றாக உண்ணட்டும் என்ற அளவிலே சமரசம் பேசப்பட்டது.

இரண்டே பிள்ளைகள்தாமே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்றே கேட்டவர் உண்டு. நாம் கேட்கிறோம்: தனி இலை போடப்பட்டவர் இருவர் என்றால், தள்ளி வைக்கப்பட்டவர் எத்தனை பேர்? எண்ண வேண்டியது அந்தத் தொகையை அல்லவா!

அய்யர் கொடியவர் அல்லர். அதனால்தான் இது பெரிய பாடம். கொடியவன் செய்தால் ஊர் அறிந்து எதிர்க்கும். நல்லவர் தாட்சண்யத்துக்காகச் செய்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும். லண்டனிலே அந்நிய மாணவனாக நின்று ஒரே கூரையின் அருமையை உணர்ந்தவர், இரு பெற்றோரின் மனம் கோணாதிருக்கத் தம் பள்ளியிலே பிள்ளைகளைப் பிரித்துவிட்டார். 1925-இல் எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தைக் கமிட்டி ஏற்றது: தேசிய நிறுவனம் எதிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது. அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களில் ஆறு அவரைக் கொண்டது. அவ்வாண்டு இறுதியிலே காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

நூறாண்டு கடந்துவிட்டது. பந்தி ஒன்றாகிவிட்டதா? அதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியிலே, 2023 ஆகஸ்டில், உடன் படித்த பிள்ளைகளே ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு மாணவர் கையிலே கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. சேரன்மாதேவியிலே தனி இலை. இன்று தனிக் கயிறு!

இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு வருகின்றனர். அவர்களுக்கு வீடு கிடைத்ததா, வாய்க்குப் பிடித்த சோறு கிடைத்ததா, அவர்கள் உட்கார்ந்த மேசையிலே நம் பிள்ளை போய் உட்கார்ந்தானா என்று பார்ப்பதே மாணவர் தலைவனின் முதல் வேலை. மாலையும் மேடையும் அதற்குப் பிறகு. பக்கத்துத் தெரு மாணவனோடு உண்ணக் கூசுகிறவன், கடல் கடந்து வந்தவனை வரவேற்கிறேன் என்பது வெறும் வேஷம்.

தோழர்களே! ஆலையிலே ஒரே இயந்திரத்தடியில் நிற்கும் நாம், இடைவேளையிலும் ஒன்றாக உட்கார்ந்து உண்போம். அதைக் காணும் பிள்ளை கல்லூரியிலும் அதையே செய்வான்.